வரி நோட்டு – 11: முல்கிக்காரர்கள் பாதி ஜெயித்த வழக்கு

கமுதிக் கோயில் வழக்கு, நாடார்களின் மகமை, 1908இல் பிரிவி கவுன்சில் அவர்களுக்குக் கோயில் கதவைச் சாத்தியது எல்லாம் சென்ற வாரமே ஆயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் தறி நெய்து பிழைத்த தேவாங்கர்கள் அம்மனுக்குக் கத்தி போடுவதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு வருகிறேன். இடையில் ஒரு தீர்ப்பு கையில் சிக்கி, நான்கு நாளாக என்னை விடமாட்டேன் என்கிறது.

முதலில் கிணத்துக்கடவு. பொன்மலை வேலாயுத சாமி எல்லோருக்கும் பொது. படியேறி வருகிறவரை யாரும் என்ன குலம் என்று கேட்பதில்லை. மலையை விட்டு இறங்கி, பொள்ளாச்சி சாலையில் இருபக்கமும் எந்த ஊருக்குள் திரும்பினாலும் சங்கதி வேறு. மாரியம்மனுக்கு நோம்பி சாட்டுவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் போடுவார்கள். பூச்சாட்டு என்றைக்கு, கம்பம் என்றைக்கு, பூவோடு, மாவிளக்கு என்றைக்கு என்று முடிவாகும். கூடவே தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்றும் முடிவாகும். கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. கைம்பெண் வீட்டுக்கு அரை வரி வைத்திருக்கும் ஊர்களும் உண்டு.

வரி அதிகம் என்று சண்டை போட்டுத் தனிக்கோயில் கட்டியவர்கள் குறைவு. "எங்ககிட்ட வரியே வாங்கறதில்லீங்க" என்பதுதான் பெரிய ஆவலாதி. நோட்டில் பேர் இல்லாதவன் தெருவுக்குள் தேர் திரும்பாது. பரிவட்டம் பற்றி அவன் பேசவே முடியாது. தலித் குடியிருப்புகளில் இதைக் கேட்டிருக்கிறேன். நிலமும் கடையுமாக வசதிக்கு வந்த பிறகும் நோட்டில் இடம் கிடைக்காத மற்றச் சாதியார் வாயாலும் கேட்டிருக்கிறேன். பணத்தை மறுப்பதைவிடச் சுத்தமான விலக்கு வேறு இல்லை. கையெழுத்து, சாட்சி, தீர்மானம் எதுவும் வேண்டாம். வசூலுக்கு வருகிறவர் அந்த வீட்டைத் தாண்டிப் போனால் போதும்.

அப்புறம் நடப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். பூர்வீகக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வருவார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கல், ஒரு சூலம். சிலைக்குச் சொல்லுமுன்பே நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு வாங்கியாயிற்று: நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, முதல் வரவு 'லாபம்'. அதற்கடியில் தலைக்கட்டு வரிசை. யார் உள்ளே, யார் வெளியே என்பது இந்தப் பக்கத்தில் இன்னொரு முறை தீர்மானமாகும். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் போடும் நோட்டிலும் வெளியே நிற்பவர்கள் இருப்பார்கள் என்பதை இந்தத் தொடரில் எத்தனை முறை எழுதினாலும் சிலர் கோபித்துக்கொண்டு கடிதம் போடுகிறார்கள். போடட்டும்.

கொட்டகை கோபுரமாகும்போது கமிட்டி பிறக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். ஏழு பேர் கிடைப்பது சிரமமில்லை. அந்த ஏழு பேரில் யார் பொருளாளர் என்பதில்தான் கும்பாபிஷேகமே ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

அடுத்து வரும் கேள்விக்கு நான் பார்த்த எந்தக் கமிட்டியும் நிம்மதியாகப் பதில் சொன்னதில்லை: உண்டியல் வைக்கலாமா?

வைத்தால் பணம் வரும். அறநிலையத் துறையும் வரும் என்று பயம். பயம் வெறும் பேச்சல்ல. கோயில் தனியாருடையதா பொதுவா என்று வழக்கு வரும்போது நீதிமன்றங்கள் பார்க்கிற அடையாளங்களில் உண்டியலும் ஊரார் நன்கொடையும் உண்டு. "இது எங்க சாதிக் கோயில், பொதுக்கோயில் இல்லை" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தில் கோயில் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தைப் படித்தால் அந்த வழியும் அடைபடும். இந்து சமூகத்துக்கோ அதன் ஏதாவது ஒரு பிரிவுக்கோ உரிய பொது வழிபாட்டு இடம் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு பிரிவுக்கு மட்டும் உரியதானாலும் அது கோயில்தான்.

இங்கேதான் முல்கி வருகிறது. மங்களூருக்கும் உடுப்பிக்கும் நடுவே உள்ள ஊர். இன்று கர்நாடகம், அன்று நம் கோயமுத்தூரைப் போலவே சென்னை மாகாணம். கோவாப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த கௌட சாரஸ்வத பிராமணர்களில் சில குடும்பங்களுக்காக அங்கே வெங்கடரமணர் கோயில் எழும்பியது. காலப்போக்கில் அது அவ்வூர் சாரஸ்வதர்கள் எல்லோருக்கும் உரியதாயிற்று. அறங்காவலர்களும் அவர்களே. 1947இல் சென்னை அரசின் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. இது எங்கள் சமூகத்தின் கோயில், சட்டம் எங்களைத் தொடாது என்று அறங்காவலர்கள் 1949இல் வழக்குப் போட்டார்கள்.

கீழ்க்கோர்ட்டில் தோற்றார்கள். உயர் நீதிமன்றத்தில் பாதி கிடைத்தது. 1957 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பாதியையே உறுதி செய்தது. நான் மாய்ந்து மாய்ந்து படித்தது இந்தப் பாதியைத்தான். கோயில் உங்களுடையதுதான், நீங்கள் ஒரு சமயப் பிரிவுதான், அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு தரும் நிர்வாக உரிமை உங்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் பொதுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்கிற 25(2)(ஆ) அதற்கு மேலே நிற்கிறது, கதவைத் திறங்கள். திறந்த பிறகு, சமூகத்தார் மட்டுமே பங்கெடுக்கும் சில குறிப்பிட்ட சடங்குகளின்போது மற்றவர்களை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். அப்படி நிறுத்துவதால் பொதுமக்களின் வழிபாட்டு உரிமை பேருக்கு மட்டும் மிஞ்சுகிற நிலை வரக்கூடாது. உரிமைப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட தீர்ப்பு.

எழுதிய நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். பெயரை எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? சங்கீதக்காரர்களுக்கு இருக்கும். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் அவர் சொன்னதே கடைசி வார்த்தை என்று இருந்த மனிதர். 1944இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. டி.கே. பட்டம்மாளுக்குத் தீட்சிதர் உருப்படிகள் பலவற்றைச் சொல்லிக் கொடுத்தவர். கோயில் கோயிலாகப் போய்ப் பாடிய தீட்சிதரில் ஊறிய ஒருவர் கையில் கோயில் கதவு வழக்கு போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தலைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆசிரியர் கேட்டார். ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதாமல் எப்படி விடுவது?

நம் ஊர்க் கமிட்டிகளுக்கு முல்கித் தீர்ப்பில் ஒரு முள் இருக்கிறது. சாரஸ்வதர்களை நீதிமன்றம் சமயப் பிரிவு என்று ஏற்றது. சாதிப்பேர் ஒன்றைச் சொன்னாலே அந்தத் தகுதி வந்துவிடாது. பொன்காளியம்மன் கோயிலை மற்றக் கோயில்களோடு சேர்ந்த நிர்வாகத்திலிருந்து பிரித்துத் தரக் கேட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் இதைப் பட்டென்று சொல்லிவிட்டது: சாதி சமயப் பிரிவு ஆகாது, சாதியின் பேரால் கோயில் நிர்வாகம் கேட்க முடியாது. எனக்கு இதில் வருத்தமில்லை. தனிக்கோயில் கட்ட நேர்ந்ததன் நியாயம் வேறு. கட்டிய பிறகு அடுத்தவனை நிறுத்துகிற உரிமை வேறு. முன்னதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுவேன்.

சரி, தேவாங்கர்கள். கோவை ராஜவீதியில் ராமலிங்க சௌடாம்பிகை அம்மன் கோயில். விஜயதசமியன்று இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும் வெற்று மார்போடு, கையில் கத்தியோடு, 'தீசுக்கோ தாயே' என்று கூவிக்கொண்டு வருவார்கள். வர மறுக்கும் அம்மனை மார்பிலும் கையிலும் கத்தி போட்டு வருந்தி அழைக்கிறார்கள் என்பது ஐதீகம். வெட்டு விழுந்த இடத்தில் பொடியை அப்பிக்கொண்டு அடுத்த அடி வைப்பார்கள். வீதியில் நின்று பார்க்க யாருக்கும் தடையில்லை. எல்லாச் சாதியும் நின்று பார்க்கிறது. கத்தி எடுக்கிறவர்கள் சமூகத்துப் பிள்ளைகள். முல்கித் தீர்ப்பு விட்டுவைத்த அந்தச் சிறிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை, கத்தி போடுகிறவர்களில் அநேகம்பேர் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள் என்றாலும்.

தறி நெய்து பிழைத்த சமூகம் ஊர் ஊராக எப்படிக் கோயில் வைத்தது, பட்டக்காரர் எங்கே, எஜமானர் எங்கே, செட்டிமைக்காரர் வேலை என்ன, நெகமத்துத் தறி நின்றுபோன வீட்டுக்கும் அதே வரியா என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். பக்கம் முடிந்துவிட்டது. கத்தியை அடுத்த வாரம் முழுசாக எடுக்கலாம். நீதிபதிகள் யாரும் குறுக்கே வராமல் இருந்தால்.

(வரும்)