பிட்டும் பைட்டும்: பழைய வன்தட்டின் வேகக் கணக்கு

பழைய கணினி ஒன்றின் மூடியைத் திறந்தால், வன்தட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் அகன்ற சாம்பல் நிற நாடா வடம் ஒன்று தென்படும். சில ஆண்டுகள் பிந்திய கணினியில் அதே இடத்தில் விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய வடம் இருக்கும். முன்னதைப் ‘பாட்டா’ என்றும் பின்னதைச் ‘சாட்டா’ என்றும் அழைப்பர். இரண்டும் தரவைக் கொண்டுசெல்லும் இடைமுகங்களே.

இவற்றின் வேகத்தை ஒப்பிடப் புகுந்தால் ஓர் இடர் எழுகிறது. பாட்டாவின் உச்ச வேகம் நொடிக்கு 133 மெகாபைட். 2003இல் வெளிவந்த முதல் சாட்டாவின் வேகமோ நொடிக்கு 1.5 ஜிகாபிட், அதாவது 1500 மெகாபிட். பின்னது பதினொரு மடங்கு விரைவானதா? இல்லை. ஒன்று பைட்டிலும் மற்றொன்று பிட்டிலும் சொல்லப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது சிற்றெழுத்துப் ‘பி’ பிட்டையும் பேரெழுத்துப் ‘பி’ பைட்டையும் குறிக்கும். பொருளின் உறைமீது அச்சிடும் விற்பனையாளர்கள் பெரிய எண்ணையே விரும்புவர். ஆதலால் அந்த ஓர் எழுத்தைக் கூர்ந்து நோக்குதல் வாங்குவோரின் பொறுப்பு.

எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். நம் முன்னோர் நெல் அளந்த முறையிலும் எட்டு நாழி சேர்ந்தால் ஒரு குறுணி. ஒருவர் நாழியிலும் மற்றவர் குறுணியிலும் விளைச்சலைச் சொன்னால், ஓர் அளவைக்கு மாற்றிய பின்னரே எவருக்கு மிகுதி எனக் கூற முடியும். இங்கும் அவ்வாறே. பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுக்க வேண்டும். பைட்டைப் பிட்டாக்க எட்டால் பெருக்க வேண்டும்.

அவ்வாறாயின் 1500ஐ எட்டால் வகுத்து 187.5 மெகாபைட் என்று எழுதிவிடலாமா? கூடாது. சாட்டாவின் கணக்கில் எட்டுக்கு இடமில்லை. அங்கே பத்தால் வகுக்க வேண்டும். இதன் காரணம் சுவையானது.

பாட்டா வடத்தில் பதினாறு தரவுக் கம்பிகள் அருகருகே செல்கின்றன. ஒரு தடவைக்குப் பதினாறு பிட்டுகள், அதாவது இரண்டு பைட்டுகள், ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகச் சேர வேண்டும். வேகம் கூடக்கூட ஒரு கம்பியின் பிட் முந்தும்; மற்றொன்று பிந்தும். தேர்வடம் பிடிப்போர் ஒரே கணத்தில் இழுக்கவில்லை எனில் தேர் கோணுவது போன்றது இது. ஆகவே பொறியாளர்கள், பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவாக அனுப்பும் சாட்டா முறைக்கு மாறினர். அதில் காலத்தைக் காட்டத் தனிக் கம்பி கிடையாது. பெறும் கருவி, குறிப்பலையில் நேரும் மாற்றங்களைக் கொண்டே எத்தனை பிட்டுகள் வந்தன என்று அறிகிறது. சுழியங்களே தொடர்ந்து வந்தால் மாற்றமின்றி எண்ணிக்கை தவறிவிடும். அதனைத் தடுக்க, ஒவ்வோர் எட்டுப் பிட்டையும் போதிய மாற்றங்கள் உள்ள பத்துப் பிட்டுத் தொகுதியாக்கி அனுப்புகின்றனர். எனவே கம்பியில் பத்துப் பிட்டுகள் சென்றால் நமக்குச் சேர்வது ஒரு பைட். 1500ஐப் பத்தால் வகுக்க 150 கிடைக்கும். 133க்கும் 150க்கும் உள்ள வேறுபாடு சிறிதே! அடுத்து வந்த 3 ஜிகாபிட் சாட்டா 300 மெகாபைட்டும், 6 ஜிகாபிட் சாட்டா 600 மெகாபைட்டும் தருவதும் இக்கணக்கின்படியே.

யுஎஸ்பி 1.1இன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட், யுஎஸ்பி 2.0இன் வேகம் 480 மெகாபிட். இவ்விரண்டிலும் பத்துப் பிட்டு முறை இல்லை. எட்டால் வகுக்க முறையே 1.5, 60 மெகாபைட் கிடைக்கும். ஆனால் கட்டளைகளும் பிழை சரிபார்ப்பும் அதே கம்பியில்தான் செல்கின்றன. நடைமுறையில் முன்னது ஏறத்தாழ 1 மெகாபைட்டும், பின்னது பெரும்பாலும் 30 முதல் 40 மெகாபைட்டும் தரும். மேலும், இடைமுகம் எத்துணை விரைவானதாயினும் வன்தட்டு தன் வேகத்திற்கு மேல் படிக்காது. அகன்ற சாலையில் செல்வதனால் மாட்டுவண்டி பேருந்தாகிவிடுமா?

இனி ஒரு கணக்கு. உங்கள் தந்தைக்குப் பணியிட மாற்றம் வந்துள்ளது என்க. பழைய கணினியை விற்றுவிட முடிவாயிற்று. அதன் வன்தட்டில் 40 ஜிகாபைட் தரவு உள்ளது. பாட்டியின் வீடும் ஊர்த் திருவிழாவும் அடங்கிய ஒளிப்படங்கள் அதில்தான் உள்ளன. கணினியில் இருப்பது யுஎஸ்பி 1.1 மட்டுமே. இரவு 9 மணிக்கு வெளித்தட்டு ஒன்றை இணைத்துப் பிரதியெடுக்கத் தொடங்குகிறீர்கள். சாமான் ஏற்றும் லாரி காலை 8 மணிக்கு வரும். போதுமா?

40 ஜிகாபைட் என்பது 40,000 மெகாபைட். ஏட்டு வேகமாகிய 1.5ஆல் வகுத்தால் 26,667 நொடி, அதாவது ஏறக்குறைய 7 மணி 24 நிமிடம். விடிவதற்குள் முடிந்துவிடும் என்று தோன்றும். உண்மை வேகமாகிய 1 மெகாபைட்டைக் கொண்டு கணக்கிட்டால் 40,000 நொடி. அது 11 மணி 7 நிமிடம். லாரி வந்து ஏழு நிமிடம் கடந்த பின்னும் கணினியை அணைக்க இயலாது. ஒளிப்படங்கள் மட்டும் 6 ஜிகாபைட் எனில் அவற்றிற்கு 6,000 நொடி போதும். அவற்றை முதலில் பிரதியெடுத்தால் இரவு 10.40க்கு அவை பத்திரமாகச் சேர்ந்திருக்கும். எஞ்சியவற்றுள் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அதன்பின் வீட்டாருடன் அமர்ந்து முடிவுசெய்யலாம்.