மடக்குச் சவரக்கத்தி: புதிதாகப் பழகுவோர் அறிய வேண்டியவை



நாம் மணமேல்குடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். பெட்டி பெட்டியாகப் பிளேடு விற்றிருந்தும், தலை நரைக்கும் வரை நம் முகத்தை நாமே சவரம் செய்துகொண்டதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முடிதிருத்தும் அண்ணன் கடைத் திண்ணைக்கு வந்துவிடுவார். 2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததும் அந்த வழக்கம் நின்றது. மளிகைக் கடைக்கு அனுமதி இருந்தது, சலூனுக்கு இல்லை. ஊரகப் பகுதிகளில் சலூன் திறக்க மே 19 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த எட்டு வாரத்தில்தான் டிரங்குப் பெட்டியில் கிடந்த தகப்பனாரின் மடக்குக் கத்தியை வெளியே எடுத்தோம்.

இப்போது சில இளைஞர்கள் கடைகளில் இந்தக் கத்தியைக் கேட்கிறார்கள். விற்பவருக்கும் விவரம் தெரிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறோம்.

முதல் நாள் நாம் செய்த தவறு, கத்தியை அரிவாள்மனை போல அழுத்தியது. தாடை ஓரத்தில் நல்ல வெட்டு. நமக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. சர்க்கரை உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

சேதி கேட்டு அண்ணன் வந்தார். தெருவில் பத்தடி தள்ளி நின்றுகொண்டே சொன்னார்: "அழுத்தாதீங்க முதலாளி, அதுபாட்டுக்குப் போகும். நீங்க தோலை மட்டும் இழுத்துப் பிடிங்க." அவர் சொன்னதில் பாதி வித்தை அடங்கிவிட்டது. மீதிப் பாதி கத்தியின் கூர்மையில் இருக்கிறது.

இந்தக் கத்திக்கு முதுகு தடிப்பாகவும் விளிம்பு மெல்லியதாகவும் இருக்கும். தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணம் தானாக அமைந்துவிடும். மழுங்கிய கத்திக்கு முதலில் 1000 எண் கல், கடைசியில் 8000 எண் கல். இதைப் புதியவர் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் தோல் வாரில் தீட்டுவது தினப்படி வேலை, சவரத்துக்கு முன் போக வர நாற்பது தடவையாவது வேண்டும். கல்லில் விளிம்பு முன்னே போகும். வாரில் முதுகு முன்னே போகும். மாற்றிச் செய்தால் வாரும் வெட்டுப்படும், கத்தியும் கெடும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும், விளிம்பின் மேல் அல்ல. நம் முதல் வாரில் இன்னும் நான்கு வெட்டுத் தழும்பு இருக்கிறது!

சவரத்துக்கு வருவோம். குளித்த பிறகு, அல்லது வெந்நீர்த் துணியால் ஒற்றிய பிறகு, சோப்பு நுரையை நன்றாகத் தேய்த்து ஊறவிட வேண்டும். கத்தியைக் கன்னத்தோடு முப்பது டிகிரி அளவில் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே சிறுசிறு இழுப்பாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் அறுப்பது போல ஒருக்காலும் நகர்த்தக் கூடாது. முதல் வாரம் இரண்டு கன்னங்கள் மட்டும் போதும். மோவாயும் மேலுதடும் பிறகு. முடித்ததும் குளிர்ந்த நீர், படிகாரம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இங்கே உப்புக் காற்று. இந்தக் கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிக்கும் எஃகு. ஈரம் போகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவ வேண்டும். தோல் உறைக்குள் போட்டு வைத்தால் ஈரம் தங்கிவிடும்.

சரக்கு விஷயத்தில் நாமும் ஏமாந்தோம். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு டஜன் கத்தி வரவழைத்தோம். பளபளப்பு இருந்தது, கூர் நிற்கவில்லை. ஒன்பது திரும்பி வந்தன. ஷெஃபீல்டு, சோலிங்கன் என்று பெயர் பெற்ற ஊர்களின் கத்தி விலை அதிகம். அதைக் கேட்டு வருகிறவருக்கு வாரும் சேர்த்தே விற்க வேண்டும். வார் இல்லாத கத்தி பத்து நாளில் புகாராக வந்து நிற்கும்.

முடிதிருத்துவோர் இன்று கையாளுவது பாதி பிளேடு மாட்டும் கத்தி. 1986இல் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் பரவியது. மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் அது நல்ல தடுப்பு. ஆகவே வீட்டுக் கத்தியையும் ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பாதி பிளேடுக்குக் கல்லும் வாரும் தேவையில்லை, ஆனால் விளிம்பு மிக மெல்லியது. கை பழகாதவரை அதுதான் சீக்கிரம் வெட்டும் என்பது நம் அனுபவம்.

மடக்குக் கத்தியை வீடுகளிலிருந்து விரட்டியவர் அமெரிக்காவின் ஜில்லெட். 1903இல், முதல் வருஷ விற்பனை 51 ரேசர், 168 பிளேடு மட்டுமே. மனம் தளர்ந்திருந்தால் நாம் பிளேடு விற்றுப் பிழைத்திருக்க முடியாது. ரேசர் ஒருமுறைதான் விற்கும், பிளேடு ஓயாமல் விற்கும் அல்லவா?

அந்த எட்டு வாரமும் அண்ணனுக்கு வருமானமே இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பற்று எழுதவில்லை. அவர் விடவில்லை, கடை திறந்த அன்றே வந்து, நம் கத்தியை வாங்கிக் கல்லில் பிடித்துக் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். இன்று கன்னமும் மோவாயும் நம் கையால் ஆகின்றன. கழுத்தை மட்டும் அவரிடமே விட்டிருக்கிறோம்.