முதற்பொருளும் கருவும்

நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்து தோன்றி வாழ்வன கருப்பொருள். உயிரைச் சொல்லுமுன் அது நிற்கும் இடத்தைச் சொல்லுதல் தமிழிலக்கண மரபு. இம்மரபுக்கு மிக நெருங்கியதோர் உண்மையைக் கருவியலாரும் கண்டுரைத்துள்ளனர். அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே மலைப்பாதையில் சென்றால் மன்னவனூரை அடையலாம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வூரின் புல்வெளியில், மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. ஆயர் வாழ்வோடு சேர்த்து முல்லைக்கு உரியதாக நாம் பேசும் ஆடு, அங்கே குறிஞ்சி மலையில் மேய்கிறது. மென்கம்பளி தரும் பாரத் மெரினோ இனம் அம்மையத்தின் செல்வம்.

ஓர் ஆட்டின் கரு ஏறத்தாழ 150 நாள் தாய் வயிற்றில் வளர்கிறது. அதில் முதல் சில நாள்கள் அது எங்கும் ஒட்டாமல் கருக்குழலின் நீரில் மிதந்து செல்கிறது. அவ்விடம் இருளும் வெப்பமும் உடையது; வெளிக்காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் அங்கே மிகக் குறைவு. நல்லினத்தைப் பெருக்க விரும்பும் அறிவியலார், இந்த முதல் நாள்களைக் கண்ணாடிக் கிண்ணத்திற்கு மாற்றினர். உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம் கலந்த வளர்ப்பு நீர்மமே அங்குக் கருவுக்கு நிலமாயிற்று. ஊட்டத்திற்காக விலங்கின் சீரத்தையும் அதில் சேர்த்தனர்.

விளைவு எதிர்பாராததாக இருந்தது. அவ்வாறு வளர்த்துத் தாயிடம் சேர்த்த கருக்களுள் சில அளவு கடந்து பருத்தன. ஈன முடியாமல் தாய் ஆடுகள் துன்புற்றன. குட்டிகள் பல இறந்தன. இதன் காரணத்தை ஆராய்ந்த இசுக்காட்லாந்தின் ராசுலின் நிறுவனத்தார் 2001இல் ஒரு விடை கண்டனர். வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்து அடக்கும் மரபணு ஒன்று உண்டு. அதன் பெயர் ஐ.ஜி.எஃப்.2ஆர். ஆட்டில் தாய்வழி வந்த படியே இயங்கும். அது இயங்குவதற்கு மெத்தில் என்னும் வேதிக்குறி அதன்மேல் இருத்தல் வேண்டும். பருத்த கருக்களில் அக்குறி அழிந்து, மரபணுவின் வெளிப்பாடு குன்றியிருந்தது. கடிவாளம் தளர்ந்ததால் உடல் மிகையாக வளர்ந்தது.

இங்கே மரபணுவின் எழுத்து ஒன்றேனும் மாறவில்லை என்பது கருதத்தக்கது. ஓலைச்சுவடியில் புள்ளியிட்டு எழுதுவதில்லை. எழுத்து அதுவே, புள்ளியை எங்கே கொள்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் வேறாகிறது. மெத்தில் குறியும் அத்தகைய புள்ளியே. தாயின் கருக்குழல் காத்துவந்த புள்ளியைக் கிண்ணத்து நீர்மம் காக்கத் தவறியது.

பூனைக் கருக்களிலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன. அருகிவரும் காட்டுப்பூனை இனங்களைக் காக்க, வீட்டுப்பூனையின் கருவே முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. சிறுத்தை உலவும் பழனி மலைக்கும் அதனால் இவ்வறிவு அயலானதன்று. தாயின் உடலில் வளர்ந்த கருவையும் கிண்ணத்தில் வளர்ந்த கருவையும் ஒப்பிட்டு, எம்மரபணு மிகுகிறது, எது குறைகிறது என நோக்குகின்றனர். சீரத்தைத் தவிர்த்தலும், ஆக்சிஜனை 5 விழுக்காட்டளவில் நிறுத்தலும் இத்தகைய ஆய்வுகள் தந்த பாடங்கள்.

சோதனைக்குழாய் முறையில் குழந்தை பெற்றோர் இதனைப் படித்து அஞ்ச வேண்டுவதில்லை. மனிதரில் இந்த மரபணுவின் இரு படிகளும் பெரும்பாலும் இயங்குவன. ஒன்று தளர்ந்தால் மற்றொன்று தாங்கும். ஆட்டில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிச் சொல்லுதல் அறிவியலாகாது. எனினும் கருவைக் கையாள்வோர்க்குரிய பொறுப்பு எங்கும் ஒன்றே.

நல்ல வித்திருந்தால் போதும் என்று எண்ணினோம்; அது முதலில் கிடந்த சில நாள்களின் நிலமும் அதனுள் பதிகிறது என்று ஆடு நமக்குக் கற்பித்தது. அப்பாடத்திற்கு விலை கொடுத்தவை, ஈன முடியாமல் தவித்த தாய் ஆடுகள். மன்னவனூர்ப் புல்வெளியில் சினையாடு ஒன்றைக் காணும் மாணவர், எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளாத ஒரு கலையை அது அமைதியாகச் செய்துகொண்டிருக்கிறது என்பதை நினைவிற் கொள்வாராக.