மாட்டு டாக்டர் படிப்புக்கு நம்ம வரிப்பணம் எதுக்கு?

இந்த வாரம் எடுத்துக்கிட்டது ஒரு நேயர் அனுப்பின கேள்வி. "தமிழ்நாட்டுல ஏழு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. மனுஷங்க ஆஸ்பத்திரிக்கே காசு பத்தலை. இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?"

நியாயமான கேள்விதான். சிட்டில வளர்ந்த நமக்கு வெட்னரி டாக்டர்னா நாய்க்கு ஊசி போடுறவர், பூனைக்கு ஆபரேஷன் பண்றவர். ஆனா காலைல காபில ஊத்துற பால், ஹாஸ்டல் மெஸ் முட்டை, ஞாயித்துக்கிழமை பிரியாணி, இது எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு கால்நடை மருத்துவர் எங்கேயோ இருக்கார். இல்லன்னா, இருந்திருக்கணும்.

முதல்ல ஸ்கேல் என்னன்னு பார்ப்போம்

2019-ல எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல மாடு மட்டும் ஏறக்குறைய 95 லட்சம். வெள்ளாடு ஒரு கோடியைத் தொடுது, செம்மறி 45 லட்சம். கோழி 12 கோடி. கோழி எண்ணிக்கைல இந்தியாவிலேயே நாமதான் முதலிடம்.

இதுல கறவை மாடுங்கள்ல பெரும்பகுதி பெரிய பண்ணைங்கள்ல இல்லை. ஒரு மாடு, ரெண்டு மாடு வெச்சிருக்குற வீடுகள்ல இருக்கு. நெல்லு போட்டா காசு அறுவடைக்கு அப்புறம்தான். பால் சொசைட்டிக்கு தினம் ரெண்டு வேளை பால் ஊத்தினா கையில காசு ஓடிக்கிட்டே இருக்கும். பிள்ளைங்க ஃபீஸ், மளிகை, மருந்து எல்லாம் பல வீட்டுல அந்தக் காசுல நடக்குது. பெரும்பாலும் அதைச் சம்பாதிக்கிறது வீட்டுப் பெண்கள்.

21 நாள் கணக்கு

டாக்டர் நேரத்துக்கு வரலன்னா என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

பசு பருவத்துக்கு வர்றது சுமாரா 21 நாளைக்கு ஒரு தடவை. அந்தப் பருவம் முழுசா ஒரு நாள்கூட நிக்காது. அதுக்குள்ள சினை ஊசி போடணும். ஆள் கிடைக்கலன்னா இன்னும் 21 நாள் காத்திருக்கணும். தீவனச் செலவு நாளைக்கு 150 ரூபாய்னு பேச்சுக்கு வெச்சுக்கோங்க. ஒரு தடவை தவறினதுக்கு 3,150 ரூபாய். இது தீவனம் மட்டும். அடுத்த கன்னும், அதோட வர்ற பாலும் அவ்வளவு நாள் தள்ளிப்போற நஷ்டம் தனி.

இது சின்ன விஷயம். கன்னு வயித்துல திரும்பிக் கிடந்தா மணிக்கணக்குலதான் டைம் இருக்கு. மடிநோயைச் சீக்கிரம் கவனிக்கலன்னா அந்தக் காம்பு நிரந்தரமாப் போயிடலாம். கோமாரி வந்த மாடு பிழைச்சாலும் பழைய அளவுக்குப் பால் கறக்காமப் போகலாம். வீட்டுல இருக்குற ஒரே மாடு அப்படி ஆச்சுன்னா, அந்தக் குடும்பத்தோட மாசச் சம்பளமே நின்ன மாதிரி.

இதுல நமக்கும் ஒரு பங்கு இருக்கு. டாக்டர் இல்லாத ஊர்ல மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னா யாராவது ஒருத்தர் கையில கிடைச்ச ஆன்டிபயாடிக்கைப் போட்டுடுவாங்க. மருந்து போட்டதுக்கு அப்புறம் இத்தனை நாள் பாலை விக்கக்கூடாதுன்னு ஒரு கணக்கு உண்டு. அதைச் சொல்ல ஆள் இல்லன்னா அந்தப் பால் சொசைட்டி வழியா நம்ம டம்ளருக்கு வரும்.

கல்லூரின்னா வகுப்பறை மட்டும் இல்லை

இஞ்சினியரிங் படிச்ச நமக்கு காலேஜ்னா கிளாஸ் ரூம், கம்ப்யூட்டர் லேப், கேன்டீன். கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உயிரோட மாடு வேணும், ஆடு வேணும், கோழிப் பண்ணை வேணும். தினமும் நோயாளிங்க வர்ற ஆஸ்பத்திரி வேணும், நோய் கண்டுபிடிக்கிற லேப் வேணும். படிப்பு அஞ்சரை வருஷம், அதுல கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். செலவு அதிகம்ங்கிறது உண்மைதான். ஆனா அந்தச் செலவுல ஒரு பகுதி நேரா சேவையாவே வெளிய வருது. நாமக்கல் கல்லூரி 1985-ல ஆரம்பிச்சது, முட்டைக் கோழிப் பண்ணைங்களுக்கு நடுவுல. அங்க பையன் படிக்கிற கேஸ், பக்கத்துப் பண்ணைக்காரரோட நிஜப் பிரச்சனை.

வரலாறும் சின்னது இல்லை. சென்னை வேப்பேரி கல்லூரி 1903-ல தொடங்கினது. 1989-ல இந்தியாவோட முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இங்கதான் வந்துச்சு.

இப்படிப் படிச்ச ஆளுங்களால என்ன முடியும்? மாட்டு வெக்கை நோயைப் பாருங்க. மந்தை மந்தையா மாட்டைக் கொன்ன நோய். இந்தியா 1954-ல தேசியத் திட்டம் ஆரம்பிச்சு, ஊர் ஊராத் தடுப்பூசி போட்டு, 1995-க்கு அப்புறம் ஒரு கேஸ்கூட இல்லாம ஆக்குச்சு. 2011-ல உலகத்துல இருந்தே ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் ஒழிச்ச ரெண்டாவது நோய் அது. தடுப்பூசி கண்டுபிடிச்சது ஒரு ஆராய்ச்சி லேப்னாலும், அதை ஐஸ் பெட்டில வெச்சு கடைசி கிராமம் வரை கொண்டுபோக ஆயிரக்கணக்கான பயிற்சி பெற்ற ஆளுங்க தேவைப்பட்டாங்க.

அப்ப சிக்கல் எங்க?

2012-ல ஒரத்தநாடு, திருநெல்வேலி. 2020 வாக்குல தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. இப்படி ஏழு கல்லூரி ஆச்சு. வருஷத்துக்கு 600-க்கு மேல சீட். பில்டு சைடுல வேலை நடந்திருக்கு. டிப்ளாய்மென்ட்லதான் இடிக்குது.

2019-ல டிஎன்பிஎஸ்சி, கால்நடை உதவி மருத்துவர் பதவிக்கு ஒரே அறிவிப்புல 1,141 இடம் போட்டுச்சு. ஒரே நேரத்துல அவ்வளவு இடம் வருதுன்னா, அதுக்கு முன்னாடி எத்தனை ஊர் மாட்டாஸ்பத்திரி நிரந்தர டாக்டர் இல்லாம ஓடியிருக்கும்னு யோசிங்க. இந்த இடைவெளில படிச்சு முடிச்சவங்க என்ன பண்ணுவாங்க? சிட்டில பெட் கிளினிக் இருக்கு, மருந்துக் கம்பெனி இருக்கு, வெளிநாடு இருக்கு. அவங்களைக் குறை சொல்ல முடியாது. நாமளும் வேலை இருக்குற ஊருக்குத்தானே மூட்டை கட்டினோம்.

அமெரிக்காலயும் இதே பிரச்சனை. அங்க வெட்னரி படிப்பு முடிக்கும்போது கடன் சாதாரணமா ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். 2003-ல ஒரு சட்டம் போட்டாங்க. டாக்டர் இல்லாத பகுதின்னு அரசு அறிவிச்ச இடத்துல மூணு வருஷம் வேலை பார்த்தா, படிப்புக் கடன்ல ஒரு பகுதியை அரசே அடைக்கும். 2010-ல முதல் ஆளுங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. இதுல எனக்குப் பிடிச்சது, காசு சீட்டோட நிக்காம, ஆள் போய்ச் சேர்ற ஊர் வரைக்கும் கூடவே போகுது.

அதை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. நம்ம அரசுக் கல்லூரில ஃபீஸ் குறைவு, கடன் அவ்வளவு இல்லை. நமக்கு வேண்டியது வேற. காலியிடத்தை வருஷா வருஷம் நிரப்பணும். கிராமத்துல தங்க வீடு, ஓடுற வண்டி, ஸ்கேன் மெஷின் கொடுக்கணும். 1962-க்குப் போன் பண்ணா வர்ற நடமாடும் மருத்துவ வண்டியில ஆளும் மருந்தும் இருக்கணும்.

இன்னொண்ணு, யாரைச் சேர்க்கிறோம்ங்கிறது. 2021 சட்டத்துல அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கால்நடை மருத்துவப் படிப்புக்கும் வந்துச்சு. மனுஷ டாக்டர்கள் விஷயத்துல உலக சுகாதார நிறுவனம் சொல்ற முதல் ஆலோசனைகள்ல ஒண்ணு, கிராமத்துப் பிள்ளைங்களைச் சேருங்க, அவங்க கிராமத்துல வேலை பார்க்க வாய்ப்பு அதிகம்ங்கிறது. தொழுவத்துல வளர்ந்த பொண்ணு டாக்டரானா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கன்னு போடுற மாட்டுக்குப் பக்கத்துல உக்கார்றது அவளுக்குப் புதுசு இல்லை.

ஆக, கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில்: இந்தச் செலவு வேணும். ஆனா அடுத்த பட்ஜெட்ல புதுக் கல்லூரின்னு அறிவிப்பு வந்தா கை தட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. போன பேட்ச்ல எத்தனை பேர் இப்ப எந்த ஊர் மாட்டாஸ்பத்திரில இருக்காங்க?

உங்க ஊர் மாட்டாஸ்பத்திரில டாக்டர் இருக்காரா? ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு நமக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.