இல்லாத கற்றைக்கு ஒரு காத்திருப்பு

லேப்டாப்பை டிவியில் செருகியதும் முதலில் காணாமல் போவது ஸ்டார்ட் பட்டன்தான். கீழே இருக்கும் பட்டை பாதி வெட்டுப்பட்டு நிற்கும். மேல் மூலையில், மூடுவதற்கான பெருக்கல் குறியும் கண்ணில் படாது. கேபிள் சரியில்லை என்று கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வருகிறவர்கள் உண்டு. கேபிள் பாவம், ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. டிவிதான் வந்த படத்தைச் சற்றே பெரிதாக்கி, நாலு பக்கமும் கொஞ்சம் நறுக்கிவிட்டுக் காட்டுகிறது.

நறுக்கச் சொன்னது படக்குழாய். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது வீடுகளுக்கு வந்தது 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி. குழாயின் கழுத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, கண்ணாடியின் உட்புறத்தில் இடமிருந்து வலமாக வரிவரியாக ஓடிப் படத்தை வரையும். கற்றையை வளைப்பவை காந்தச் சுருள்கள். மின்னழுத்தம் இறங்கினால் படம் சுருங்கும். பெட்டிக்கு வயதானாலும் அளவு மாறும். சாயங்காலமானால் வோல்டேஜ் விழுவதும், டிவிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் உறுமிக்கொண்டிருப்பதும் அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்துவிடக் கூடாதென்று, படத்தைக் கண்ணாடியைவிடப் பெரிதாக வரையும்படியே பெட்டிகளைச் செய்தார்கள். ஒளிபரப்புகிறவர்களும் அதற்குத் தக்கபடி எழுத்துகளை ஓரத்திலிருந்து தள்ளிப் போட்டார்கள். தட்டைத் திரையில் கற்றை இல்லை, சுருங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பல டிவிகள் பழைய வழக்கப்படி நறுக்குகின்றன. ரிமோட்டில் பட அளவுப் பகுதிக்குப் போய், ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்றோ ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்றோ கம்பெனிக்கு ஒரு பெயரில் இருப்பதைத் தேர்ந்தால் ஸ்டார்ட் பட்டன் வந்துவிடும்.

இலவச டிவி வந்து ஐந்து வருடத்தில், 2011 செப்டம்பர் 15 அன்று, இலவச லேப்டாப் திட்டம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கியது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது அதே மாவட்டம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வருகிற ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் டிவி ஆலையும் டெல் கம்ப்யூட்டர் ஆலையும் 2007-லேயே வந்துவிட்டன. கேபிளின் இரண்டு முனைக்கும் உரிய பெட்டிகள் ஒரே ஊரில் தயாராகின.

இனி அந்த எச்டிஎம்ஐ கேபிளுக்குள் போகலாம். எச்டிஎம்ஐ முறையின் முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானது. பத்தொன்பது பின்கள். முழு எச்டி படம் என்பது 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஆனால் நொடிக்கு அறுபது படம் அனுப்பும்போது, ஒவ்வொரு படத்துக்கும் கம்பியில் ஒதுக்கப்படும் இடம் 2200-க்கு 1125, அதாவது 24,75,000 புள்ளிகள். நாலு லட்சம் புள்ளிகளுக்கான நேரத்தில் படமே இல்லை! ஒவ்வொரு வரி முடிந்ததும் இரண்டு மைக்ரோநொடிக்குச் சற்றுக் குறைவாக ஓர் இடைவெளி. படம் முடிந்ததும் நாற்பத்தைந்து வரி நீளத்துக்கு இன்னொன்று. கற்றை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கும், அடியிலிருந்து உச்சிக்கும் திரும்பி வர அன்று கொடுத்த அவகாசம் இது. கற்றை போய்விட்டது. அவகாசத்தை யாரும் எடுக்கவில்லை.

எடுக்காததும் நல்லதாயிற்று. எச்டிஎம்ஐயை வடிவமைத்தவர்கள் ஒலியைக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் குடிவைத்தார்கள். 1987-ல் வந்த விஜிஏ கேபிளில் படம் மட்டும்தான் வரும். சத்தத்துக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். எச்டிஎம்ஐயில் நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரிகளுக்கு நடுவே வருகின்றன. டிவி அவற்றைச் சேர்த்துவைத்துச் சீராக விடுகிறது. வடிவேலு பேசுவது நமக்குக் கேட்பது, என்றைக்கோ ஓய்ந்துபோன ஒரு கற்றை திரும்பி ஓடவேண்டிய நேரத்தில்.

படம் வருவது மூன்று ஜோடிக் கம்பிகளில். ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 148.5 கோடித் துடிப்புகள். இவ்வளவு வேகத்தில் ஒரு துடிப்பு கம்பியில் ஒரு சாண்கூட நீளாது. ஒன்றரை மீட்டர் கேபிளில் எந்தக் கணத்திலும் ஜோடிக்குப் பத்துப் பதினோரு துடிப்புகள் வரிசையில் போய்க்கொண்டிருக்கும். ஜோடியின் ஒரு கம்பியில் போவதற்கு நேரெதிரான மின்னழுத்தம் மற்றதில் போகிறது. டிவி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறுவதால் கழித்தலில் அடிபட்டுப் போகும். அடுக்களையில் மிக்ஸி ஓடினால் ஆன்டெனா டிவியில் புள்ளி புள்ளியாகக் கொட்டுமே, அது இங்கே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் ரசிக்கிற வேலை பதினெட்டாவது பின்னுடையது. லேப்டாப் அதன் வழியே 5 வோல்ட் அனுப்புகிறது. டிவிக்குள் இருக்கும் ஒரு நினைவகச் சில்லுக்கு அது போதும். பெரும்பாலான டிவிகளில், சுவர் சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்தச் சில்லு விழித்து, தயாரித்தவர் யார், எந்த அளவுப் படங்களை ஏற்கும் என்று 128 பைட் அளவுள்ள தொகுதிகளில் ஒப்பிக்கும். அதைக் கேட்டுத்தான் லேப்டாப் படத்தின் அளவை முடிவு செய்கிறது. ஒலி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் சிலசமயம் நாமே சொல்ல வேண்டியிருக்கும்: ஸ்பீக்கர் குறியை அழுத்தி டிவியின் பெயரைத் தேர்ந்தால் போதும்.

இனி சினிமா. அம்பத்தூர் ராக்கி தியேட்டரானாலும் செம்பரம்பாக்கம் ஈவிபியானாலும் படம் ஓடுவது பொதுவாக நொடிக்கு 24 சட்டகம். நம் ஊர்ப் பழைய தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. அதனால் சினிமாவைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிக் காட்டுவதே வழக்கம்; இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் லேசாக ஏறியிருக்கும். லேப்டாப்போ வழக்கமாக 60 அனுப்புகிறது. அறுபதை இருபத்துநாலால் வகுத்தால் இரண்டரை. ஆகவே ஒரு சட்டகம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாற்றி மாற்றி வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு தடுக்கல் தெரிவது இதனால்தான்.

கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் 24 இருந்தால் அதை வைத்துப் பார்க்கலாம். அப்போது ஒரு வரிக்கு 2200-க்குப் பதில் 2750 புள்ளிகள் ஒதுக்கப்படுகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் காத்திருப்புதான், படம் மட்டும் தடுக்காமல் வழுக்கிப் போகும். முடிந்ததும் 60-க்குத் திருப்பிவிடுங்கள். 24-ல் மவுஸ் அம்பு தத்தித் தத்தித்தான் நகரும்.