தீப்பெட்டிப் படச் சேகரிப்பு

தீப்பெட்டிப் படச் சேகரிப்பு என்பது தீப்பெட்டிகளின் மேலுள்ள வணிகச் சின்னப் படங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, பிறருடன் மாற்றிக்கொள்ளும் பொழுதுபோக்கு ஆகும். தமிழ்நாட்டில் சிவகாசி, கோவில்பட்டி, குடியாத்தம், காவேரிப்பட்டணம் முதலிய ஊர்களில் தீப்பெட்டித் தொழில் நடைபெறுகிறது.

விளையாட்டு

சிறுவர்கள் இப்படங்களைப் பந்தயமாக வைத்து விளையாடினர். தரையில் வரைந்த வட்டத்துக்குள் படங்களை வைத்து, தட்டையான கல்லை எறிவர். வட்டத்தை விட்டு வெளியேறிய படங்கள் எறிந்தவருக்குச் சொந்தம். விளையாடவும் மாற்றிக்கொள்ளவும் இரட்டைப் படிகளைத் தனியே வைத்தால், சேகரிப்புப் படிகள் சேதமடையா.

காலம் கணித்தல்

பல படங்களில் ஆண்டு அச்சிடப்படுவதில்லை. முகவரியும் விலையும் காலத்தைக் காட்டும். காவேரிப்பட்டணம் 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் தருமபுரி மாவட்டத்திலும் இருந்தது. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. எனவே அவ்வூர்ப் படத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்றிருந்தால் அது பெரும்பாலும் 1965-2004 காலத்தது. அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972-க்குப் பிந்தையது. 2007-இல் 50 காசிலிருந்து 1 ரூபாயாக உயர்ந்த விலை, 2021 டிசம்பரில் 2 ரூபாயானது. பழைய அச்சு சில காலம் தொடரக்கூடும் என்பதால் இவை தோராயக் கணிப்புகளே. முன்பக்கப் படத்தை மட்டும் வெட்டியெடுத்தால் இச்சான்றுகள் அழிந்துவிடும்.

பராமரிப்பு

அட்டைப் பெட்டியைக் குச்சிகளை அகற்றிவிட்டு, வெட்டாமல் பிரித்துத் தட்டையாக்க வேண்டும். ஒட்டிய தாள் படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து நிழலில் உலர்த்தலாம். சாயம் கரையுமா என்பதை முதலில் இரட்டைப் படியில் சோதிப்பது நல்லது. பசை பூச்சிகளை ஈர்க்கும் என்பதால், படங்களை ஒட்டாமல் உறைகளில் இட்டு, ஊர், நிறுவனம், சின்னம் என்ற வரிசையில் அடுக்கலாம்.