‘12 வோல்ட்தானே’ என்று அலட்சியமா? மோட்டார் படகின் மின்சாரம் எப்படி வேலை செய்கிறது?

பண்டசோழநல்லூரில் கடல் கிடையாது. நெல்லும் கரும்பும் விளையும் ஊர். ஆனால், ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நோணாங்குப்பம் போய், சுண்ணாம்பாறு படகு குழாமில் டிக்கெட் வாங்கி, மோட்டார் படகில் பாரடைஸ் பீச் போய்வராத இளைஞர்கள் இந்தப் பக்கம் குறைவு. இதுபோன்ற சிறிய மோட்டார் படகுகளில் பெரும்பாலும் இருப்பது, நம் ஊர் டிராக்டரில் பார்க்கிற அதே வகை 12 வோல்ட் பேட்டரிதான்.

ஒரே ஒரு வித்தியாசம். டிராக்டரில் ஒயர் புகைந்தால் குதித்து ஓடிவிடலாம். நடு ஆற்றில் எங்கே குதிப்பது?

ஷாக் அடிக்காது, தீ பிடிக்கும்

12 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளையும் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றும் ஆகாது. ‘அட, இதுக்குப் போய் பயமா?’ என்ற அலட்சியம் அங்கேதான் வருகிறது. வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு கால் ஆம்பியர் மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். அதே 60 வாட் விளக்கு படகில் எரிய 5 ஆம்பியர் வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஒயரைச் சுட வைப்பது ஆம்பியர்தான். மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். படகில் தடிமனான ஒயர் போடுவது இதனால்தான்.

பேட்டரியின் இரு முனைகள் மீதும் ஒரு ஸ்பேனர் விழுந்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நேரத்தில் பாயும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். ரிப்பேர் பார்க்கும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டச் சொல்வது அதற்காகத்தான்.

ஃபியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

விளக்கையோ பம்பையோ அல்ல; ஒயரை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஒயர் தாங்கும் அளவைத் தாண்டி மின்னோட்டம் போனால், ஒயர் உருகுவதற்கு முன் ஃபியூஸ் உருகிவிட வேண்டும். ஆகவே அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தர விதிகள் பொதுவாக 7 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 18 செ.மீ.க்குள் என்கின்றன. ஃபியூஸ் டேஷ்போர்டில் இருந்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை.

அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் பிரச்னையைத் தீர்க்காது. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும், அவ்வளவுதான்.

இதில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண செம்பு ஒயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்து அரிக்கும். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்ளே இணைப்பு சூடாகிக்கொண்டிருக்கும். படகுக்கு ஈயம் பூசிய செம்பு ஒயர் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே ஆகாது.

மெயின் சுவிட்சை மீறும் ஒரு பம்ப்

படகின் அடித்தளத்தில் சேரும் தண்ணீரை வெளியேற்ற ‘பில்ஜ் பம்ப்’ இருக்கும். இதற்கு மட்டும் மெயின் சுவிட்சைத் தொடாமல், தனி ஃபியூஸோடு, பேட்டரியிலிருந்து நேராக இணைப்பு கொடுப்பார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன இரவில் அடைமழை பெய்தாலும் அது தானாக ஓட வேண்டுமே!

பேட்டரி செத்தால் அதுவும் ஓடாது. முழு சார்ஜில், ஓய்வாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுளும் குறையும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 50தான் நம் கணக்கு. 5 ஆம்பியர் விளக்கு 10 மணி நேரம். அதே பேட்டரியில் ஜிபிஎஸ், வயர்லெஸ், நாலு பேரின் செல்போன் எல்லாம் ஓடினால், விடியற்காலை இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. முடிந்தால் ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, மற்றதற்கு ஒன்று என்று பிரிப்பதே நல்லது.

மீனவர்களுக்கு இது வெறும் வசதிப் பிரச்னை இல்லை. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் ஆபத்துச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கருவி எவ்வளவு நவீனமானாலும் மின்சாரம் இல்லாமல் பேசாது.

பெட்ரோல் வாசனை வந்தால்

பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். சாவியைத் திருப்பும்போது வரும் ஒரு பொறி போதும். இன்ஜின் உள்ளே மூடியிருக்கும் பெட்ரோல் படகுகளில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் புளோயரை ஓடவிட வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜனோ மேலே ஏறும். பேட்டரிப் பெட்டிக்கு மேலே காற்றோட்டம் கட்டாயம்.

இப்போது லித்தியம் பேட்டரியும் வந்துவிட்டது. கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 75 பேர் செல்லும் ‘ஆதித்யா’ சோலார் படகு 2017 முதல் ஓடுகிறது. முறையான கட்டுப்பாட்டுக் கருவியோடு இருந்தால் நல்ல தொழில்நுட்பம்தான். யாரும் பார்க்காத சார்ஜர்தான் கவலை. 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற சுற்றுலாப் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். காரணம் உறுதியாகவில்லை. ஆனால், தீ தொடங்கிய கூடத்தில் சார்ஜில் கிடந்த பேட்டரிகளும் சாத்தியமான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டன. இரவுக் காவலுக்கு ஆள் போடாததை விசாரணை கண்டித்தது.

படகில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லை’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஓட்டுநரிடம் உடனே சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பிறகே தீயணைப்பான். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால், அணைத்த தீ மறுபடியும் பிடிக்கும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை அப்போது தேடக் கூடாது. ஏறும்போதே மாட்டியிருக்க வேண்டும்.